ஃபேன் இல்லாத பெரிய ஹீட்சிங்க்: மலையகத்து வீட்டுக்கு ஒரு சத்தமில்லாத கம்பியூட்டர்

நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் இரவு ஏழு மணிக்கே கதவு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவோம். சீலிங் ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது. மழை பெய்யாத இரவென்றால் அறையில் கேட்கும் ஒரே இரைச்சல் கம்பியூட்டருக்குள் சுற்றும் ஃபேனுடையதுதான். ஒன்லைனில் வகுப்பு எடுப்பவர்களுக்கும் குரல் பதிவு செய்பவர்களுக்கும் பிள்ளை தூங்கும் அறையிலேயே வேலை பார்ப்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அதை அடியோடு நிறுத்த ஒரு வழி உண்டு. கம்பியூட்டரின் மூளையான ப்ரொசெஸரின் மேல், ஃபேனே இல்லாத பெரிய ஹீட்சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகச் சாமான்) ஒன்றைப் பொருத்திவிடலாம்.

கடையில் போய்க் கேட்டால், "ஃபேன் இல்லாட்டி ப்ரொசெஸர் எரிஞ்சிரும் தம்பி" என்று சொல்லக்கூடும். எரியாது. இன்றைய ப்ரொசெஸர்கள் சூடு எல்லை தாண்டினால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கம்பியூட்டரையே நிறுத்திவிடும். ஆனாலும் கடைக்காரர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபேனைக் கழற்றிவிட்டு, கூடவே வந்த சின்ன ஹீட்சிங்கை மட்டும் விட்டால் அது தாங்காது. ஃபேன் இல்லாமல் வேலை செய்வதற்கென்றே செய்த ஹீட்சிங்க் வேறு சாதி.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் போட்டு கேம் விளையாடுபவர்கள், மணிக்கணக்கில் வீடியோ ரெண்டர் செய்பவர்கள், கோர் ஐ9 போன்ற ப்ரொசெஸரை முழு வேகத்தில் ஓட்ட நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது. எழுத்து வேலை, கணக்கு வேலை, இணையம், வகுப்பு, படம் பார்ப்பது, ஓரளவு போட்டோ எடிட்டிங் இவற்றுக்கு இது தாராளமாகப் போதும்.

இது எப்படி வேலை செய்கிறது

ப்ரொசெஸரின் மேல் ஒரு செப்பு அடித்தளம் உட்காரும். அதிலிருந்து ஹீட் பைப் எனப்படும் செப்புக் குழாய்கள் மேலே போகும். குழாய் பார்க்கக் கட்டிக் கம்பிபோல் இருந்தாலும் உள்ளே வெற்றிடம்; அதில் கொஞ்சம் திரவம், பெரும்பாலும் தண்ணீர். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்தத் தண்ணீர் நூறு டிகிரிக்கு எவ்வளவோ முன்பே ஆவியாகிவிடும். ஆவி குழாயின் குளிர்ந்த முனைக்குப் போய், அங்கே தன் சூட்டை அலுமினியத் தகடுகளுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய செப்புத் துகள் படலம் அதை உறிஞ்சி மறுபடி அடிக்குக் கொண்டுவரும். அசையும் பாகம் எதுவும் இல்லை, கரண்டும் தேவையில்லை.

இவ்வளவும் ஃபேன் உள்ள ஹீட்சிங்கிலும் நடப்பதுதான். வித்தியாசம் தகடுகளில் இருக்கிறது. ஃபேன் காற்றை நெருக்கித் தள்ளும் என்பதால் அங்கே தகடுகள் மெல்லிசாக, நெருக்கமாக இருக்கலாம். ஃபேன் இல்லாதபோது சூடான காற்று தானாக மேலே எழும் வேகத்தை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. அது மிக மெதுவானது; நெருக்கமான தகடுகளுக்கு இடையே புகுந்து வராது. அதனால்தான் ஃபேன் இல்லாத வகையில் தகடுகள் தடிப்பாக, விலகி விலகி நிற்கின்றன. அவ்வளவு இடைவெளி விட்டும் போதிய பரப்பு வேண்டுமென்றால் உருவம் பெரிதாகத்தான் வேண்டும். ஒஸ்திரியாவின் நொக்டுவா 2021ஆம் ஆண்டு வெளியிட்ட என்எச்-பி1 இதற்கு நல்ல உதாரணம்: உயரம் 158 மில்லிமீற்றர், அகலம் 154, ஆழம் 152, எடை 1180 கிராம், ஆறு ஹீட் பைப்புகள். கையில் வாங்கினால் ஒரு செங்கல்லைப் பிடிப்பதுபோல் இருக்கும்.

காற்று கீழிருந்து நுழைந்து, தகடுகளுக்கு இடையே ஏறி, மேலே தடையில்லாமல் வெளியேற வேண்டும். இனி வரும் படிகள் எல்லாம் ஏறக்குறைய இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

மலைக்கு என்ன லாபம், என்ன நட்டம்

ஹீட்சிங்க் எதையும் அறையின் வெப்பத்துக்குக் கீழே குளிர்விக்காது. அறையைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற கணக்கில்தான் ப்ரொசெஸர் நிற்கும். ஒரு குறிப்பிட்ட வேலைக்கு அந்தக் கூடுதல் 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கொழும்பில் அறை 30 டிகிரி என்றால் ப்ரொசெஸர் 80இல் நிற்கும். அதே சாமானை நுவரெலியாவில் 18 டிகிரி அறையில் வைத்தால் 68. கொழும்புக்காரர் காசு கொடுத்து வாங்க முடியாத 12 டிகிரி நமக்கு இனாமாகக் கிடைக்கிறது.

ஒரு நட்டமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அடர்த்தி குறைந்த காற்று குறைந்த சூட்டைத்தான் சுமந்துபோகும், மேலே எழும் விசையும் குறையும். இதனால் அந்த 50 டிகிரி ஏறக்கூடும். ஆனால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது. அப்படியே 55 என்று எடுத்தாலும் 18உடன் சேர்த்தால் 73தான். கொழும்பைவிட 7 டிகிரி குறைவாகவே நிற்கிறோம். மலையில் காற்று மெல்லிசு, ஃபேன் இல்லாமல் சரிவராது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

மலையகம் முழுக்க ஒரே குளிர் இல்லை. ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் இருப்பவர்கள் துணிந்து இறங்கலாம். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர், பதுளை 680 மீற்றர் அளவுதான். மார்ச், ஏப்ரலில் மதிய நேரத்து அறை வெப்பம் 30ஐத் தொட்டுவிடும். அங்கே இருப்பவர்கள் கொழும்புக் கணக்கையே போட்டுக்கொள்வது நல்லது. குளிருக்கு அறையில் கணப்பு மூட்டுகிற வீடென்றால் அந்த அறையின் வெப்பத்தை வைத்துக் கணக்குப் பாருங்கள். வெளியே உள்ள குளிர் கணக்கில் வராது.

படி 1: ப்ரொசெஸர் உண்மையில் எத்தனை வொட்

பெட்டியில் 65 வொட் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். இன்டெல் கோர் ஐ5-12400க்கு அடிப்படை 65 வொட். ஆனால் டர்போவில் (சிறிது நேரம் வேகம் கூட்டும் நிலையில்) 117 வொட் வரை போக அதற்கு அனுமதி உண்டு. ஐ3-12100க்கு 60, டர்போவில் 89. ஏஎம்டியில் 65 வொட் என்று விற்கும் ரைசன் 5 5600ஜி, 7600 போன்றவை 88 வொட் வரை இழுக்கும். ஐ7-13700கே பெட்டியில் 125 என்று இருக்கும், உச்சத்தில் 253. அதற்கெல்லாம் ஃபேன் இல்லாத ஹீட்சிங்கைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

புதிதாக வாங்குகிறீர்கள் என்றால் கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த ப்ரொசெஸராகப் பாருங்கள். இன்டெலில் எண்ணின் கடைசியில் 'எஃப்' (F) என்ற எழுத்து இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, தனிக் கார்ட் வாங்க வேண்டிவரும். 'டி' (T) என்ற எழுத்து இருந்தால் 35 வொட் வகை, இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் 'டி' வகையைத் தேடி அலைய வேண்டியதில்லை. சாதாரண ப்ரொசெஸரையே பயோஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரையில்) அடக்கி வைக்க முடியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

படி 2: எந்த ஹீட்சிங்க்

சந்தையில் வகைகள் அதிகமில்லை. முதலிடம் மேலே சொன்ன என்எச்-பி1க்குத்தான். ப்ரொசெஸர் உட்காரும் சொக்கட் வகைகளில் ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1700 எல்லாவற்றுக்கும் பொருந்தும். பொருத்தும் சாமான்களும் தெர்மல் பேஸ்டும் (ப்ரொசெஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே போடும் களிம்பு) பெட்டியிலேயே வருகின்றன. விலை கூடத்தான். ஆனால் தேய்வதற்கு இதில் எதுவும் இல்லை, ப்ரொசெஸரை மாற்றினாலும் இதைக் கூடவே கொண்டுபோகலாம்.

சின்னதாக, மலிவாக வேண்டுமென்றால் ஆர்க்டிக்கின் அல்பைன் 12 பாசிவ், அல்பைன் ஏஎம்4 பாசிவ் இரண்டும் இருக்கின்றன. ஹீட் பைப் எதுவும் இல்லாத வெறும் அலுமினியக் கட்டி; 47 வொட் வரைதான் தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அல்பைன் 12, பழைய எல்ஜிஏ115எக்ஸ், 1200 சொக்கட்டுகளுக்கானது, எல்ஜிஏ1700இல் உட்காராது. பழைய ஐ3 ஒன்றை அலுவலக வேலைக்கு வைத்திருப்பவருக்கு இது போதும்.

நோஃபேன் சிஆர்-95சி என்று வளையம்போல் ஒன்று இருந்தது. அது பழைய சொக்கட்டுகளுக்கு, 95 வொட் வரை. பாவித்த பொருளாக எங்காவது கண்ணில் பட்டால், உங்கள் மதர்போர்டுக்குப் பொருத்தும் சாமான் இருக்கிறதா என்று பார்க்காமல் காசு கொடுத்துவிடாதீர்கள். கேசிங்கின் பக்கச் சுவரே ஹீட்சிங்காக அமைந்த ஸ்ட்ரீகொம் டிபி4 போன்றவையும் உண்டு. அழகான சாமான்தான், ஆனால் புதியவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பொருத்துவது சிக்கல், மதர்போர்டை மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டும்.

இவையெல்லாம் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைத் தட்டில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கண்டிக் கடைகளிலும் கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் விசாரித்துப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் எடைக்கேற்ற கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றேகால் கிலோ உலோகம் தபாலில் மலிவாக வராது.

படி 3: அளந்து பார்த்தபின் வாங்குங்கள்

அளவு நாடாவை எடுங்கள். ப்ரொசெஸரின் மேல்மட்டத்திலிருந்து கேசிங்கின் பக்கக் கதவுவரை எத்தனை மில்லிமீற்றர்? 158 மில்லிமீற்றர் ஹீட்சிங்குக்குக் குறைந்தது 160 வேண்டும். ஒடுக்கமான அலுவலகக் கேசிங்குகளில் இது நடக்காது. அடுத்து, ப்ரொசெஸர் சொக்கட்டிலிருந்து முதல் கிராஃபிக்ஸ் ஸ்லொட்டுக்கு எவ்வளவு தூரம், மேலே பவர் சப்ளையோ கேசிங்கின் கூரையோ இடிக்குமா, ரேமின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். நொக்டுவாவின் இணையதளத்தில் மதர்போர்ட், கேசிங் பெயர்களைக் கொடுத்துப் பொருந்துமா என்று பார்க்கும் பட்டியல் இருக்கிறது. அதில் உங்கள் போர்ட் இல்லாவிட்டால் அளவு நாடாதான் கதி.

படி 4: கேசிங்கில்தான் பாதி வெற்றி

நல்ல ஹீட்சிங்கை வாங்கி மூடிய பெட்டிக்குள் வைத்தால் கொடுத்த காசு வீண். மேல்பக்கம் முழுக்க வலை, அடிப்பக்கமும் வலை, கால்கள் கொஞ்சம் உயரம், இப்படியான கேசிங் வேண்டும். முன்பக்கக் கண்ணாடியும் வர்ண விளக்கும் நமக்கு எந்தப் பயனும் தராது. கூரையில் தூசு வடிகட்டி என்ற பெயரில் அடர்த்தியான துணி போட்டிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள். மெதுவாக எழும் காற்றுக்கு அதுகூடப் பெரிய தடைதான்.

கேசிங் நிமிர்ந்தே நிற்கவேண்டும். மதர்போர்ட் செங்குத்தாக நிற்கும்போதுதான் பல கோபுர வடிவ ஹீட்சிங்குகளின் தகடுகளுக்கு இடையே உள்ள சந்துகளும் செங்குத்தாக நிற்கும், காற்று ஏறும். மேசையில் இடம் இல்லை என்று படுக்கப் போட்டால் அப்படிப்பட்டவற்றில் சந்துகளும் படுத்துவிடும். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். கம்பியூட்டர் மேசையின் கீழே கதவு வைத்த அறைக்குள் தள்ளுவது நம் வீடுகளில் வழக்கம். அதை விடுங்கள். கேசிங்கின் மேலே ஒரு சாண் வெற்றிடம் வேண்டும். அம்மா ஆசையாகத் தைத்துப் போட்ட துணி உறையை, ஓடும் நேரத்திலாவது எடுத்துவிட வேண்டும். மழை மாதத்தில் ஈரக் காலுறையைக் கேசிங்கின் மேல் காயப்போடுகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். பூனை வளர்ப்பவர்கள் இன்னும் கவனம்: குளிர் இரவில் வெதுவெதுப்பாகக் காற்று வரும் வலைக்கூரையைப் பூனை எப்படியும் கண்டுபிடித்துவிடும்.

பவர் சப்ளையிலும் ஃபேன் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குறைந்த சுமையில் ஃபேனை நிறுத்திவைக்கும் வகையே போதும். நம் கம்பியூட்டர் நூறு வொட்டைத் தாண்டுவது அரிது என்பதால் அந்த ஃபேன் சுற்றவே தேவையிருக்காது. சீசோனிக்கின் ப்ரைம் ஃபேன்லெஸ் போன்ற முற்றிலும் ஃபேன் இல்லாதவையும் இருக்கின்றன, விலை அதிகம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி போடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் சத்தம் போனபிறகு ஹார்ட் டிஸ்க் கறகறப்பது காதில் விழும்.

ஃபேனை எடுத்துவிட்டால் காற்று இல்லாமல் போவது ப்ரொசெஸருக்கு மட்டுமல்ல. சொக்கட்டைச் சுற்றி ப்ரொசெஸருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி, எம்.2 எஸ்எஸ்டி இவையெல்லாம் இதுவரை அந்த ஃபேன் காற்றின் தயவில் குளிர்ந்துகொண்டிருந்தவை. அதனால் அந்தப் பகுதியின் மேல் அலுமினியக் கட்டி பொருத்திய மதர்போர்டாகத் தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டிக்கும் ஒரு சின்னத் தகடு வேண்டும்.

படி 5: பொருத்துதல்

மதர்போர்டைக் கேசிங்குக்கு வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஹீட்சிங்கைக் கழற்றும்போது ஏஎம்4 பாவிப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. குளிரில் பழைய பேஸ்ட் இறுகிப்போய் இருக்கும். நேரே மேலே இழுத்தால் ப்ரொசெஸரும் சேர்ந்து சொக்கட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியிலுள்ள ஊசிபோன்ற பின்கள் வளைந்துவிடும். போர்டை வெளியே எடுக்கும் முன்பே கம்பியூட்டரைப் பத்து இருபது நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, வயரைக் கழற்றி, பின்பு ஹீட்சிங்கை இடமும் வலமும் மெதுவாகத் திருகித் தளர்த்தி எடுங்கள்.

பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் அல்கஹோல் நனைத்த பஞ்சில்லாத துணியால் துடையுங்கள். உலோகம் பளிச்சென்று தெரியவேண்டும். புதிய பேஸ்டைப் போடும் முன் சிரிஞ்சை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருங்கள். காலை நேரத்து நுவரெலியாக் குளிரில் பேஸ்ட் கட்டியாகி வெளியே வர அடம்பிடிக்கும். அழுத்த அழுத்த வராமல், திடீரென்று தேவைக்கு மூன்று மடங்கு பீறிட்டு வரும். கைச்சூட்டில் இளகினால் அளவாக விழும். நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். பரப்பிவிட வேண்டாம், ஹீட்சிங்கின் அழுத்தமே பரப்பிக்கொள்ளும்.

இங்கே ஒழுங்கு முக்கியம். ரேமை முதலில் செருகுங்கள். பின்பக்கத் தாங்கு தகடு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை செங்குத்துப் போர்டில் தொங்கப்போகிறது, அதைத் தாங்குவது அந்தத் தகடுதான். அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்பு ஸ்டிக்கரோ மூடியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். ஹீட்சிங்கை நேராக இறக்கி, இரண்டு ஸ்க்ரூக்களையும் மாறி மாறி, ஒவ்வொன்றுக்கும் ஓரிரு சுற்று என்று இறுக்குங்கள். ஒருபக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் அடித்தளம் சாய்ந்து, பேஸ்ட் ஒரு ஓரத்துக்கு ஒதுங்கிவிடும்.

அப்புறம் போர்டைக் கேசிங்குக்குள் இறக்கும் முன், இடது மேல் மூலையில் ப்ரொசெஸருக்கான பவர் வயர் செருகும் இடத்தை ஒருதரம் பாருங்கள். ஹீட்சிங்க் பொருத்திய பிறகு அங்கே விரல் நுழைவது கஷ்டம். போர்டை உள்ளே வைக்கும்போதே அந்த வயரை இழுத்து வந்து செருகிவிட்டால் பிறகு திண்டாட வேண்டாம். போர்டைத் தூக்கும்போது ஹீட்சிங்கைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

படி 6: பயோஸில் இரண்டு மாற்றம்

முதல்முறை கரண்ட் கொடுத்ததும் திரையில் சிபியு ஃபேன் எரர் என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கலாம். பயந்துவிடாதீர்கள். ஃபேன் செருகும் இடத்தில் எதுவும் சுற்றவில்லை என்று மதர்போர்ட் முறையிடுகிறது, அவ்வளவுதான். பயோஸுக்குள் போய் சிபியு ஃபேன் கண்காணிப்பை இக்னோர் என்றோ டிஸேபிள் என்றோ மாற்றிவிட்டால் வராது.

இரண்டாவது மாற்றம் இந்தக் கட்டுரையிலேயே மிக முக்கியமானது என்று சொல்வேன். ப்ரொசெஸரின் மின் வரம்பைக் குறைப்பது. இன்டெல் போர்டுகளில் இது பிஎல்1, பிஎல்2 என்ற பெயரில் இருக்கும். பிஎல்1 தொடர்ந்து இழுக்கக்கூடிய அளவு, பிஎல்2 சிறிது நேரம் மட்டும். ஐ5-12400 என்றால் பிஎல்1ஐ 45ஆகவும் பிஎல்2ஐ 65ஆகவும் வைத்துத் தொடங்குங்கள். ஏஎம்டியில் ஈகோ மோட் என்ற தெரிவு இருக்கும். 65 வொட் வகை ப்ரொசெஸரை அது 45 வொட் வகையாக மாற்றிவிடும்.

வேகம் போய்விடுமே என்று யோசிப்பீர்கள். போகும், ஆனால் நினைப்பதுபோல் இல்லை. உச்ச வேகத்தின் கடைசிச் சில படிகளுக்காகத்தான் ப்ரொசெஸர் அளவுக்கு மீறி மின்சாரத்தை விழுங்குகிறது. அந்தக் கடைசிப் படிகளை வெட்டினால் சூடு பெரிதாகக் குறையும், வேகம் சிறிதாகக் குறையும். ஆவணம் திறப்பதிலும் இணையத்தில் உலாவுவதிலும் உங்களுக்கு வித்தியாசமே தெரியாது. பல போர்டுகள் தயாரிப்பாளர் சொன்ன வரம்பையும் மீறி மின்சாரம் கொடுக்கும்படி தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. அதனால் பெரிய ஹீட்சிங்க் வாங்கியவர்களும் இந்தப் படியைத் தாண்டிப் போகக்கூடாது.

படி 7: சோதனை

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை இறக்கி, ப்ரொசெஸரின் வெப்பத்தைத் திரையில் வையுங்கள். சுமை கொடுக்க சினிபெஞ்ச் போதும். ப்ரைம்95இன் கடுமையான சோதனை நம் அன்றாட வேலை எதையும்விட அதிகச் சுமை கொடுக்கும். அதில் தேறவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஃபேன் உள்ளதில் ஐந்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். இங்கே ஒரு கிலோ உலோகம் மெதுவாகச் சூடேறும். முதல் பத்து நிமிடத்தில் 55 டிகிரி என்று பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, எண் ஏறாமல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு சாதாரண அறை வெப்பமானியை வைத்து அதையும் குறியுங்கள். சோதனையை விடியற்காலையில் செய்யாமல் நல்ல வெயில் நாளின் மதியத்தில், கேசிங்கின் கதவை மூடிவைத்துச் செய்யுங்கள்.

இன்டெலின் 12ஆம் தலைமுறைக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 5600ஜி, 7600க்கு 95. முழுச் சுமையில் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 85க்குள் நின்றால் நிம்மதியாகப் பாவிக்கலாம். அதற்கு மேல் போனால் மின் வரம்பை 10 வொட் குறைத்து மறுபடி பாருங்கள். கையால் தொட்டும் ஒரு விஷயத்தைச் சோதிக்கலாம். திரையில் 90 டிகிரி காட்டுகிறது, ஆனால் ஹீட்சிங்கின் தகடு வெறும் இளஞ்சூடாக இருக்கிறது என்றால் சூடு தகட்டுக்கே வந்து சேரவில்லை. பேஸ்ட் சரியில்லை, அல்லது அடித்தளம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. தகடும் நன்றாகச் சுட்டால் பொருத்தியது சரி, காற்று வெளியேறும் வழியைத்தான் பார்க்கவேண்டும்.

எல்லாம் செய்தும் கண்டி, பதுளை வெயிலில் எண் இறங்காவிட்டால் பிடிவாதம் வேண்டாம். கேசிங்கின் பின்பக்கம் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்றை, நிமிடத்துக்கு 500 சுற்றுப் போல மெதுவாக, காற்றை வெளியே தள்ளும்படி பொருத்துங்கள். ஒரு மீற்றர் தள்ளி உட்கார்ந்தால் அது காதில் விழாது. ஆனால் வெப்பம் கணிசமாக இறங்கும். ஃபேனே இல்லை என்று பெருமையடிக்க முடியாது, அவ்வளவுதான்.

ஈரம், தூசு, பூச்சி

மலையகத்தில் கம்பியூட்டரைக் கெடுப்பது சூட்டைவிட ஈரம்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஹீட்சிங்கில் நீர் பூக்காது, ஏனென்றால் அது அறையைவிடச் சூடாக இருக்கிறது. நிறுத்திவைத்த கம்பியூட்டர்தான் ஆபத்தில் இருப்பது. மஸ்கெலியா, ஹட்டன் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழையும் மூடுபனியும் விடாது. மாலையில் ஜன்னல் திறந்திருந்தால் பனிமூட்டம் நேரே உள்ளே வரும். ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள். வாரக்கணக்கில் மூடிவைக்காமல் ஒருநாள் விட்டு ஒருநாளாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள், அதன் சொந்தச் சூடே உள்ளே உலர்த்திவிடும். சிலிக்கா ஜெல் பைகளைக் கேசிங்குக்குள் போடுவதில் பயனில்லை. நாலு பக்கமும் வலையுள்ள பெட்டியில் அவை அறையின் ஈரத்தையெல்லாம் குடித்து ஒரே வாரத்தில் நிறைந்துவிடும்.

தூசு விஷயத்தில் நமக்கு லாபம். ஃபேன் இல்லாததால் கம்பியூட்டர் தூசை உறிஞ்சி இழுப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கம்பியூட்டர் பார்ப்பவர்களுக்கு இதன் அருமை புரியும். சலிப்பு நடக்கும் பகுதியிலிருந்து பஞ்சுபோல் பறந்து வரும் தேயிலைத் துகள் ஃபேனின் இறகிலும் நெருக்கமான தகடுகளிலும் அடைத்து, சில மாதங்களிலேயே ஒரு மெத்தையாகிவிடும். அகலமான சந்துகள் உள்ள ஹீட்சிங்கில் அது அப்படி அடைவதில்லை. பெயின்ட் அடிக்கும் மெல்லிய தூரிகையால் தட்டினாலே விழுந்துவிடும். விறகடுப்புப் புகை வரும் வீட்டில்தான் கொஞ்சம் சிரமம், கரி எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். சமையலறைச் சுவருக்கு அடுத்த அறையைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

காற்றும் அசைவும் இல்லாத வெதுவெதுப்பான இடம் என்றால் எறும்புக்கும் பல்லிக்கும் கரப்பானுக்கும் கொண்டாட்டம். ஃபேன் உள்ள கேசிங்கைவிட இதில் அவை தைரியமாகக் குடியேறும். பின்பக்கத்தில் பாவிக்காத ஸ்லொட்டுகளின் மூடியைத் திறந்து விடாதீர்கள், அடிவலைக்கு நுளம்பு வலைத் துணி போடலாம் என்று தோன்றினால் மிக அகலமான கண்ணுள்ளதாகப் பாருங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பக்கக் கதவைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போது

தோட்டத்து ரோட்டில் ஓட்டோவில் கம்பியூட்டரை நிமிர்த்தி வைத்துக் கொண்டுபோனால், ஒவ்வொரு குழியிலும் ஒரு கிலோ உலோகம் மதர்போர்டைப் பிடித்து உலுக்கும். தூரப் பயணமென்றால் ஹீட்சிங்கைக் கழற்றித் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள். கழற்ற விருப்பமில்லையென்றால் மதர்போர்ட் அடியிலும் ஹீட்சிங்க் அதன்மேல் நிமிர்ந்தும் இருக்கும்படி கேசிங்கைப் படுக்கவைத்து, கீழே மெத்தையோ போர்வையோ போட்டு மடியில் வைத்துக்கொண்டு போகலாம். நுவரெலியாவிலிருந்து காலையில் புறப்பட்டு மதியம் கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ச் சேர்ந்தால் உடனே கரண்ட் கொடுக்காதீர்கள். மலைக்குளிரில் குளிர்ந்த உலோகத்தில் கீழ்நாட்டு ஈரக்காற்று நீராகப் படிந்திருக்கும். பக்கக் கதவைத் திறந்து, இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விட்டு, தகடுகளுக்கு இடையே விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்று தெரிந்த பிறகு வயரைச் செருகுங்கள்.